கடலில் விட்ட பெயர்கள்

அபுல் ஹஸன் முதலாளி எனக்குத் தரவேண்டியது இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பது ரூபா. நாளுக்கு அறுபதுப்படி முப்பத்தொன்பது நாள் கூலி. மாரிக்கு முன் கூரைக்குக் கிடுகு வாங்க அந்தக் காசைத்தான் நம்பியிருந்தேன். அது தொண்ணூற்றைந்தாம் ஆண்டு.

கல்முனையில் அவருடைய ஸ்டூடியோவைத் தெரியாதவர் இல்லை. அவருடைய மூத்தாப்பா, தகப்பனின் தகப்பன், செய்யிது மரைக்கார் காயல்பட்டினத்திலிருந்து தோணியில் வந்தவர். கொழும்பில் ஒரு வெள்ளைக்காரனுக்குக் கெமராப் பெட்டி சுமந்து தொழில் பழகி, அவன் விட்டுப்போன பழைய பெட்டியோடு நூறு வருசத்துக்கு முன் இங்கே வந்து இறங்கினாராம். மார்க்கத்துக்கு விரோதமாக உருவம் பிடிக்கிறவன் என்று ஒருவரும் அவருக்குப் பெண் கொடுக்கவில்லை, இருக்க அறையும் கொடுக்கவில்லை. கடைசியில் வயல் நிறைய உள்ள ஒரு போடியார் தன் வயலில், எருமைகளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். பிறகு மற்றப் போடிமார் சும்மா இருப்பார்களா? மகன் காலத்தில் கல்யாணப் படம். பேரனான எங்கள் முதலாளி காலத்தில் அடையாள அட்டைப் படம். இராணுவச் சென்றியில் அட்டை காட்டாமல் கடைத்தெருவுக்குப் போக முடியாததால் ஊரே வரிசையில் நின்றது. எனக்குக் கூலி கொடுக்கத்தான் அவரிடம் காசு இருக்கவில்லை.

பின்னறையில் மூத்தாப்பா படம் எடுத்த கண்ணாடித் தகடுகள் நானூறு அளவில் பெட்டிகளில் கிடந்தன. சண்டையில் பாதை அடிக்கடி பூட்டுப்பட்டுக் கொழும்பிலிருந்து கண்ணாடி வரவில்லை. இவற்றைச் சோடா போட்ட சுடுதண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டினால் படச்சட்டத்துக்கு ஆகும் என்று முதலாளி என்னை அந்த வேலைக்கு வைத்தார். தகட்டில் நிறம் மாறி, தலைமுடி வெளுத்து முகம் கறுத்த மனிசர்கள் என் நகத்துக்கடியில் கரியாகப் போனார்கள்.

முதல் நாளே ஒன்றைக் கண்டேன். ஒவ்வொரு தகட்டின் கீழோரத்திலும் அரபு எழுத்து கீறியிருந்தது. அப்போது எனக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. சின்ன வயதில் குர்ஆன் ஓதினதோடு சரி. ஓதுகிற எழுத்து, அதுவும் உருவத்தோடு ஒரே கண்ணாடியில். கழுவின தண்ணீர் சாக்கடைக் கானுக்குள் போகும். மனம் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல், கண்ணாடி வெட்டும் கத்தியால் எல்லாத் தகட்டிலும் அந்த ஓரத்தை வெட்டி எடுத்தேன். பழுதான குர்ஆன் ஏடுகளைக் கடலில் விடுவது வழக்கம். அதுபோல, மச்சான் றமீஸின் தோணியில் கொண்டுபோய், பிஸ்மி சொல்லி ஆழத்தில் விட்டேன். நன்மை செய்தோம் என்ற சந்தோசத்தோடு கரைக்கு வந்தேன்.

பாதி கழுவி முடிந்தபோது கொழும்பிலிருந்து பழைய படம் சேர்க்கும் ஒருவர் வந்தார். அந்தக் காலத்து முகங்கள் பேரோடு இருந்தால் மிச்சத் தகடுகளுக்கு நாற்பதாயிரம் தருவதாகச் சொன்னார். முதலாளி ஓடிவந்து பெட்டியைத் திறந்தார். ஓரங்களைத் தடவிப் பார்த்தார்.

"பேரெல்லாம் எங்க லெவ்வை?" என்று என்னைக் கேட்டார்.

நடந்ததைச் சொன்னேன்.

"அது குர்ஆன் இல்லடா. மூத்தாப்பா அரபு எழுத்தில எழுதின தமிழ். இன்ன போடி, இன்னாரிட மகன் எண்டு. ஓதத் தெரிஞ்ச நீ ஒருக்கா வாசிச்சுப் பாத்திருக்கலாமே."

"நீங்க முகத்தையே கழுவச் சொன்னீங்க முதலாளி," என்றேன்.

அவர் பெட்டியை மூடினார். வந்தவர் பேரில்லாத முகம் தனக்கு உதவாது என்று, தேத்தண்ணியும் குடிக்காமல் போய்விட்டார்.

வாசித்திருக்கலாம்தான். எழுத்தெழுத்தாகக் கூட்டியிருந்தால் ஒரு போடியாரின் பேரை என் வாயே சொல்லியிருக்கும். ஓதுகிற எழுத்தில் மனிசன் பேர் இருக்குமென்று எனக்கு யார் சொன்னது? அடுத்த மாதம், ஐம்பத்திரண்டு வயதில், மகள் ஸுல்பிகாவின் கொப்பியில் அனா ஆவன்னா எழுதத் தொடங்கினேன்.

மாரி பிடித்து, ஒழுகுகிற வீட்டில் பாயை மூலைமூலையாக இழுத்துக்கொண்டிருந்த கிழமை, கடைசியாகப் போய்க் கூலியைக் கேட்டேன்.

"கணக்குப்படி நீதான் எனக்கு நாற்பதாயிரம் தரணும்," என்றார். "உன்ட கூலியக் கழிச்சுப்போட்டு, மிச்சத்த அல்லாவுக்காக விட்டுத்தாறன்."

இதைப் பள்ளிவாசலிலும் சொல்லியிருக்கிறார். பெரிய மனசுக்காரர் என்று அங்கே பேச்சு. மிச்சத் தகடுகள் சும்மா கிடக்கின்றன, நாளைக்கு வந்து அவற்றையும் கழுவு, இனிக் கூலியை அன்றன்றைக்கே தருகிறேன் என்றார். சொல்லிக்கொண்டே கணக்குக் கொப்பியில், நான் எழுத்துக்கூட்டிக் கண்டுபிடித்த என் பேரின் மேல் கோடிழுத்தார்.

சரி முதலாளி என்றேன்.