இரண்டு அங்குலக் கடல்

கடலை ஆள்பவர்கள் இந்த உலகத்தில் மிகச் சிலரே. அவர்களுள் ஒருவர் தென்காசி பால்வண்ணநாதன். தென்காசியிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலைப் பார்க்க பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஆகும் என்பதும், அந்த ஆட்சி முழுவதும் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியின் மறைவில், வேட்டி பறந்துவிடாமல் முழங்கால்களுக்கு நடுவே சொருகிக்கொண்டு, செல்போனில் நடக்கிறது என்பதும் வேறு விஷயம்.

ஆய்க்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு காற்றாலைப் பண்ணையில் அவர் மேற்பார்வையாளர். செங்கோட்டைக் கணவாயில் நுழைந்து வரும் சீசன் காற்று ஆளைச் சாய்க்கும். அவ்வளவு காற்றிலும் ஓர் அடிகூட நகராமல், நின்ற இடத்தில் நின்று சுற்றிக்கொண்டிருக்கும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வதற்கு அவருக்குச் சம்பளம். ஒருநாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, யாரோ ஒரு வெள்ளைக்காரர் பத்தொன்பது அடிப் பாய்மரப் படகில் தனியாகப் போகும் வீடியோவைப் பார்த்தார். அதே காற்றுதான். ஆனால் அந்த ஆள் போய்க்கொண்டிருந்தார். பால்வண்ணநாதனுக்கு நெஞ்சுக்குள் எதுவோ பிடித்து இழுத்தது. அதன்பிறகு அது விடவே இல்லை.

படகின் பெயர் மார்ட்டின் பத்தொன்பது. அதை வைத்திருப்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. சேர வேண்டுமானால் படகின் எண்ணைச் சொல்ல வேண்டும். தன் பொறுப்பில் எண் போட்டு நிற்கிற பொருள் என்ற வகையில், நானூற்றுப் பன்னிரண்டாம் காற்றாலையின் எண்ணைக் கொடுத்தார். கைகூப்பி வரவேற்றார்கள். அதோடு சரி, அதற்குப் பிறகு அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. கடல்காரர்கள் காற்றை நாட் கணக்கில் அளப்பார்கள். 'இன்று மேற்கிலிருந்து இருபத்தெட்டு நாட், விடாமல் அடிக்கிறது' என்று எழுதுவார். காற்றாலைக் கருவி காட்டுகிற கணக்கு, அட்சரம் பிசகாது. 'கவனம் நண்பா, பாயைச் சுருக்கிக்கொள்' என்று நியூசிலாந்திலிருந்து பதறுவார்கள். அவர் மாடியில் காய்கிற போர்வையைச் சுருக்கிக்கொண்டு கீழே இறங்குவார்.

மூன்று மாதமாக அந்தக் குழுவில் போர். மார்ட்டினின் அடியில் ஒரு பலகை உண்டு. வேண்டும்போது மேலே தூக்கிக்கொள்ளலாம். தூக்கிய பிறகு படகு தண்ணீருக்குள் எவ்வளவு இறங்கி நிற்கும்? ஒன்பது அங்குலம் என்றது கம்பெனி. பதினொன்று என்றார் பால்வண்ணநாதன். கம்பெனிக்காரன் ஆள் இல்லாமல் அளந்திருக்கிறான், ஆள் ஏறாததும் ஒரு படகா என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்க அவரைவிடத் தகுதியற்றவர் அங்கே யாரும் இல்லை. இங்கிலாந்துக்காரர் ஒருவர் 'மிகுந்த மரியாதையுடன்' என்று ஆரம்பித்து முட்டாள் என்று முடித்தார். ஆனால் உண்மையான எதிரி பக்கத்திலேயே இருந்தார்: கொல்லம் குரியன், அஷ்டமுடிக் காயலில் சொந்தமாக மார்ட்டின் வைத்திருப்பவர். ஒன்பதில் நின்றார், அசையவே இல்லை.

"ரெண்டு இஞ்சுக்கா இத்தன நாளா மல்லுக்கட்டுதிய?" என்றாள் மனைவி லோகநாயகி. "இந்த வீட்டு வாசப்படி நாலு இஞ்சு எறங்கிக் கெடக்கு. அதுக்கு ஒரு கொத்தனாரக் கூப்பிட நேரமில்ல."

ஆனி மாதக் கடைசியில் குரியனிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. குடும்பத்தோடு குற்றாலம் குளிக்க வருகிறாராம்; ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவியில் பார்க்கலாமாம். நேரில் பேசினால் படகு இல்லாதது தெரிந்துவிடும். அவமானம்கூடப் பெரிதில்லை. குழுவை விட்டுத் தூக்கிவிட்டால், பொழுது சாய்ந்தபின் மாடியில் அடிப்பது வெறும் காற்றாகிவிடும். அதைத்தான் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஐந்தருவியில் சாரல் கண்ணைத் திறக்கவிடவில்லை. எண்ணெய் தேய்க்கிற பலகையில், துண்டு கட்டி, பளபளவென்று ஒரு பெரியவர் குப்புறக் கிடந்தார். தலையைத் திருப்பி, "கேப்டன் பாலா?" என்று குழுவில் மட்டும் வழங்கும் பெயரைச் சொன்னார். கேப்டன் அப்போது கால்சட்டையோடு, தலையிலிருந்து எண்ணெய் மூக்கு வழியே சொட்ட நின்றிருந்தார். கடலாட்சி செய்யும் இருவரும் அப்படித்தான் கைகுலுக்கினார்கள். கை வழுக்கியது.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் வந்திருந்தார். ஆனால் அந்தக் கை நிஜமாகவே ஒரு படகின் கயிற்றைப் பிடித்த கை என்று தோன்றியதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சார், எனக்குப் படகு கெடையாது. ஏறுனதும் இல்ல."

குரியன் மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். "எனக்கு அறியாம் சாரே, முன்னமே தெரியும். மார்ட்டின் ஆகெ இருநூத்தி அறுபதுதான் உண்டாக்கியது. நிங்ஙளோட நம்பர் நானூத்திப் பன்னெண்டு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"மத்தவங்கெல்லாம் நாலு நாள்ல சண்டைய விட்டுப் போயிரும். நிங்ஙள் மட்டும் விடல." துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "படகு நாலு வருஷமா வீட்டு முற்றத்துல தார்ப்பாய்க்கு அடியில. எனக்குக் கால்முட்டு போச்சு. மகன் விக்கச் சொல்லுது. நிங்ஙள்கிட்ட சண்டை போடுத நேரம் மட்டும் அது தண்ணியில கெடக்கும்."

மசாஜ்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

"மழை போகட்டும். மார்கழியில காற்று நல்லதாயிருக்கும், சாருக்கும் அப்ப லீவு கிட்டும். வாங்க. நான் சுக்கான் பிடிக்கும், நிங்ஙள் பாய் பிடிக்கணும். ஆள் ஏறினா ஒன்பதா பதினொன்றா, டேப் வெச்சுப் பார்த்திரலாம்." பிறகு விரலைத் தூக்கினார். "ஒண்ணே ஒண்ணு. நீச்சல் அறியாத ஆளை நான் ஏத்தமாட்டேன். சொந்தத் தம்பியையே ஏத்தல. நீந்துவீங்கதானே?"

பிறந்ததிலிருந்து குற்றாலத்தில் குளிக்கிறவர் பால்வண்ணநாதன். அருவிக் குளியலுக்குத் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றால் போதும்; வேறொன்றும் தெரிய வேண்டியதில்லை. அரை நிமிடத்துக்கு முன்புதான் இத்தனை நாள் பாரத்தை இறக்கி வைத்திருந்தார். உடம்பு லேசாக இருந்தது.

"நல்லா நீந்துவேன் சார்" என்றார்.

துணிப்பையோடு சற்றுத் தள்ளி நின்றிருந்த லோகநாயகி அவரைத் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வரும் வழியில், இலஞ்சி தாண்டியதும், சாலையோரத்து லாட்ஜ் ஒன்றைக் காட்டி, "அந்த லாட்ஜுல காலையில நீச்சல் சொல்லிக் குடுக்காவளாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைய போவுது" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது தினமும் விடிந்ததும் அந்த லாட்ஜின் நீச்சல்குளத்துக்குப் போகிறார். வகுப்பில் எல்லோருக்கும் எட்டு வயதுக்குள்தான் இருக்கும். அவர்கள் குதித்து, முங்கி, அவர் மேல் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போகிறார்கள். மலையிலிருந்து காற்று இறங்கி வந்து தண்ணீரில் சின்னச் சின்ன அலைகளை எழுப்புகிறது. அவர் கண்ணைச் சுருக்கி, பதினாறு நாட் இருக்கும் என்று மதிப்பிடுகிறார். லோகநாயகி துண்டை மடியில் வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"ஓரத்துக் கம்பிய விடுங்க" என்கிறாள்.

அந்தக் குளத்தின் ஆழம் இரண்டே முக்கால் அடி. அவர் இன்னும் விடவில்லை.