பாலத்தைவிட அகலம்

வண்டிக்குப் பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லர் வீடு வாங்குவது முடிவாகிவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஊர் ஊராகச் சுற்றுவதென்றும் பேசியாயிற்று. அதில் ஸ்லைடு வேண்டுமா, வேண்டாமா என்பதில்தான் ராய்ஸுக்கும் அவன் மனைவி டார்லினுக்கும் ஒத்துப்போகவில்லை. பொத்தானை அழுத்தினால் சோபாவோடு சேர்த்து ஒரு பக்கச் சுவரே வெளியே நகர்ந்து, உள்ளே அறை அகலமாகும், அதுதான் ஸ்லைடு. பழகிப் பார்க்கலாமே என்று ராய்ஸ் தன் தங்கை ஷெரிலின் டிரெய்லரை மூன்று நாளைக்கு இரவல் வாங்கி, மொன்டானா மலைக்குள் இருக்கும் கேம்புக்குத் தன் பிக்கப் வண்டியில் மாட்டி இழுத்து வந்திருந்தான்.

டார்லின் முதல் நாளே நோட்டில் குறித்துக்கொண்டாள். திறக்க ஐம்பது விநாடி, மூட ஐம்பத்தைந்து. மூடியிருந்தால் கட்டிலுக்கு ஒருக்களித்துத்தான் போக வேண்டும். கேம்புக்கு இருக்கிற ஒரே வழி ஆற்றுப்பாலம். பிக்கப்பின் பக்கக் கண்ணாடிகளை மடக்கித்தான் அதைக் கடந்தார்கள். அதையும் எழுதி வைத்தாள்.

"காலை நீட்டி உக்காந்து பாரு. வீடு மாதிரி இல்ல?" என்றான் ராய்ஸ்.

"வீடு அவசரத்துக்கு ஓட வேண்டியதில்ல, ராய்ஸ்."

மூன்றாம் நாள் மதியம் மலைமுகட்டுக்குப் பின்னால் புகை எழுந்தது. முதலில் வெள்ளை, சாப்பிட்ட தட்டைக் கழுவுவதற்குள் பழுப்பு. பறவைச் சத்தம் எப்போது நின்றதென்று தெரியவில்லை. போலீஸ் ஷெரீஃபின் ஆள் ஒலிபெருக்கியோடு வந்தான். காட்டுத்தீ இந்தப் பக்கம் வருகிறதாம், அரைமணிக்குள் எல்லாரும் கிளம்ப வேண்டும்.

ராய்ஸ் டிரெய்லரைப் பிக்கப்பில் மாட்டிவிட்டு, ஸ்லைடை மூடப் பொத்தானை அழுத்தினான். சுவர் ஒரு சாண் உள்ளே வந்து நின்றுவிட்டது. மோட்டார் மட்டும் முனகியது. கைப்பிடி போட்டுச் சுற்றிப் பார்த்தான், அசையவில்லை. ஸ்லைடே இல்லாத பழைய டிரெய்லரை அதற்குள் தன் வண்டியில் மாட்டி முடித்திருந்தான் பக்கத்து இடத்து எர்ல்.

"என்ன ராய்ஸ், ஹாலை விட்டுட்டு வர மனசு வரலையா?" என்று சிரித்தவன், முகட்டைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். "விட்டுட்டு வாப்பா."

அவன் போனதும் ராய்ஸ் சொன்னான்: "இப்படியே இழுத்துட்டுப் போயிடலாம்."

"பாலம்?"

"மெதுவாப் போனா போயிடும்."

"கண்ணாடிய மடக்கிட்டு வந்தோம். நீ ஒரு ரூமையே நீட்டிக்கிட்டுப் போறேங்கிற."

"ஷெரிலுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"உயிரோட போய்ச் சொல்லு. டிரெய்லரைக் கழட்டு."

கழற்றினான். டிரெய்லரை அங்கேயே விட்டுவிட்டு இருவரும் பிக்கப்பில் கிளம்பியபோது முன்கண்ணாடிமேல் சாம்பல் விழ ஆரம்பித்திருந்தது.

இரண்டு வளைவு தாண்டியதும் வண்டிகள் வரிசையாக நின்றன. எர்ல் கீழே இறங்கி நின்றிருந்தான். பாலத்தின் நடுவே ஒரு பெரிய டிரெய்லர், ஸ்லைடு பாதி நீட்டியபடி, பக்கக் கம்பியில் சிக்கிக்கொண்டிருந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

பின்னால் மரங்கள் வெடிக்கும் சத்தம் கேட்டது.

"இறங்கு. நடக்கணும்" என்றாள் டார்லின்.

நீட்டிக்கொண்டிருந்த அறைக்கு அடியில் தவழ்ந்துதான் போக முடிந்தது. முதலில் எர்ல், அடுத்து அவள், பின்னால் ராய்ஸ். அவள் தலைக்கு மேலே மோட்டார் முனகியது. உள்ளே யாரோ இன்னமும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

"விட்டுட்டு இறங்கி வாங்க!" என்று கத்தி, அடித்தளத்தை முஷ்டியால் தட்டினாள்.

மோட்டார் ஒரு கணம் நின்றது. மறுபடி முனகத் தொடங்கியது.