வாளி தூக்கிய பல்

1984 ஜனவரியில் கப்பல் பட்டறையில் ஒரு கொக்கி ஆடி வந்து ஆம்ப்ரோஸின் வாயில் அடித்தது. மேல்வரிசை முன்பல் ஒன்று வேரோடு போயிற்று. நாங்கள் இருவரும் ஒரே கேங், பாரம் கட்டித் தூக்குகிற ரிக்கர் வேலை. வீடும் புக்கிட் மேரா அடுக்குமாடிகளில் ஒரே புளோக்.

வேறு ஆளாக இருந்தால் ஒரு பல்தானே என்று விட்டுவிடுவான். ஆம்ப்ரோஸ் மாதா கோயில் பேண்டில் முதல் கார்னெட் ஊதுகிறவன்; குட்டி ட்ரம்பெட் மாதிரி பித்தளைக் குழல் அது. கார்னெட்டை உதட்டில் அழுத்திப் பிடிக்கும்போது பின்னால் இருந்து பல்தான் உதட்டைத் தாங்க வேண்டும். பல் இல்லாத இடத்தில் உதடு உள்ளே போனது, காற்று பக்கத்தில் ஓடியது. கழற்றி மாட்டுகிற பல்லும் வைத்துப் பார்த்தான். ஊதும்போது அது ஆடியது.

பேண்டு தலைவர் அந்தோனி ஒருநாள் அவன் ஊதியதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆகஸ்ட் திருவிழா வரைக்கும் பார்ப்பேன் லா. அதுக்குள்ள சரியாகலைன்னா உன் இடத்துல ரெண்டாவது கார்னெட் சிலுவைராஜ் நிப்பான்."

சிராங்கூன் ரோட்டில், நகைக்கடைக்கு மேல்மாடியில், எலும்புக்குள்ளேயே பல் ஊன்றுகிற டாக்டர் இருக்கிறார் என்று தெரிந்து போனோம். டாக்டர் கமலா. ஒரு தட்டில் இரண்டு சாமான்களை வைத்துக் காட்டினார். ஒன்று டைட்டானியம் என்கிற உலோகத்தில் செய்த திருகாணி. இன்னொன்று பீங்கான், தந்த நிறத்தில் வழவழவென்று இருந்தது.

"உலோகம் போட்டா ஈறுக்குள்ள புதைச்சு ஆறு மாசம் விடணும். அப்புறம் திறந்து மேல பல் வைக்கணும். வருஷக் கடைசி ஆயிடும். ஈறு ஓரத்துல லேசா சாம்பல் கலர் தெரியலாம். பீங்கான்னா சீக்கிரம் முடியும், பார்க்க சொந்தப் பல் மாதிரியே இருக்கும்."

"எது டாக்டர் ஸ்ட்ராங்?"

"பீங்கான் எஃகை விடக் கெட்டி. மேலேருந்து அழுத்தினா நல்லாத் தாங்கும். ஆனா பக்கவாட்டுல இழுத்தா வளையாது, உடைஞ்சிடும். உலோகம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்."

ஆம்ப்ரோஸ் என்னைப் பார்த்தான். "எஃகை விடக் கெட்டியாம்" என்றான். அதற்குப் பிறகு டாக்டர் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை.

பீங்கானையே வைத்தார்கள். ஜூன் மாதம் மேலே பல் ஒட்டியாயிற்று. டாக்டர் மெதுவாக ஊதிப் பழகச் சொன்னார். ஊதினான். சத்தம் பழையபடி வந்தது. அவன் மனைவி உர்சுலா அடுத்த வீட்டு வாசல்வரை வந்து, "கேட்டீங்களா, எங்க வீட்டு சேவல் கூவிடுச்சு" என்று சொல்லிச் சிரித்தாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனேன். வீடு துடைக்கிற வாளியை எடுத்து, கைப்பிடியில் கயிறு கட்டி, நுனியில் துணி சுற்றிக்கொண்டிருந்தான்.

"என்னப்பா இது?"

"டெஸ்ட்."

"எதுக்கு?"

"நாளைக்கு ஊர்வலம் முழுக்க அடிச்சு ஊதணும் தங்கராஜு. பாதி வழியில இது கழண்டுச்சுன்னா? டெஸ்ட் பண்ணாத கொக்கிக்குக் கீழ நீ நிப்பியா?"

நிற்க மாட்டேன். பட்டறையில் யாருமே நிற்க மாட்டோம். புதுச் சங்கிலியோ கொக்கியோ வந்தால், அது தூக்கவேண்டிய எடைக்கு மேலேயே மாட்டித் தொங்கவிட்டுப் பார்ப்போம். தாங்கினால் பெயிண்ட் அடித்து வேலைக்கு விடுவோம். பத்து வருஷமாக அப்படித்தான்.

"கொக்கி வேற, பல்லு வேற. அந்தம்மா பக்கவாட்டுல இழுக்கக்கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"வாசிக்கும்போது பக்கவாட்டுல இடிக்காதா? கூட்டத்துல எவனாவது முட்டினா? நீ தண்ணி ஊத்து."

நான் ஊற்றவில்லை. அவனே ஊற்றினான். துணியை முன்பல்லில் கடித்து, குனிந்து, மெல்ல நிமிர்ந்தான். வாளி தரையை விட்டு எழும்பியது. கையை இடுப்பில் வைத்துக்கொண்டு கண்ணால் என்னைப் பார்த்துச் சிரித்தான். இறக்கிவிட்டு இன்னும் இரண்டு குவளை ஊற்றினான். அதையும் தூக்கினான். பிறகு வாளி நிறைய.

மூன்றாவது முறை வாளி எழும்பி லேசாக ஒரு பக்கம் ஆடியது. டிக் என்று ஒரு சத்தம். வாளி விழுந்து தண்ணீர் ஹால் முழுக்க ஓடியது.

சங்கிலி கெட்டுப்போனால் நீளும். கொக்கி வாய் விரியும். கம்பிக்கயிறு பிரி விடும். இறக்கு இறக்கு என்று கத்த நேரம் இருக்கும். இதில் அப்படி ஒன்றும் இல்லை. இருந்தது, இல்லை, அவ்வளவுதான்.

உர்சுலா மார்க்கெட்டிலிருந்து வந்து கதவில் நின்றாள். தண்ணீரைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், அவன் உள்ளங்கையில் இருந்த பல்லைப் பார்த்தாள்.

"ஏங்க, பல்லு வச்சது கார்னெட் ஊதவா, எனக்கு வீடு துடைக்கத் தண்ணி தூக்கவா?"

அவன் பல்லைச் சட்டைப் பையில் போட்டான். அவள் துணியை எடுத்துத் துடைத்தாள்.

மறுநாள் சிலுவைராஜ் முன்வரிசையில் நின்று ஊதினான். நன்றாகவே ஊதினான். ஆம்ப்ரோஸ் வாயை மூடிக்கொண்டு பின்னால் ஜால்ரா தட்டினான்.

பீங்கானின் அடிப்பகுதி எலும்புக்குள் நின்றுவிட்டது. டாக்டர் கமலா அதைக் குடைந்து எடுத்தார். எலும்பு மறுபடி கூடி வர மாதக்கணக்கில் ஆயிற்று. அப்புறம் உலோகத் திருகாணி, அது எலும்போடு ஒட்ட இன்னும் சில மாதங்கள். கடைசியாகப் பல்லை வைத்த அன்று டாக்டர் சொன்னார்: "இதையும் டெஸ்ட் பண்ணினா என்கிட்ட வராதீங்க மிஸ்டர் ஆம்ப்ரோஸ்."

அவன் பண்ணவில்லை. உர்சுலா வாளியை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

1986 ஆகஸ்டில் திரும்ப பேண்டில் சேர்ந்தான். முதல் இடம் கிடைக்கவில்லை. சிலுவைராஜை இறக்க அந்தோனிக்கு மனசில்லை, ஆம்ப்ரோஸும் கேட்கவில்லை. இரண்டாவது கார்னெட். சிரித்தால் ஈறு ஓரத்தில் சாம்பல் கோடு தெரியும்.

ஊர்வலம் புறப்படுமுன் கூட்டத்தில் என்னைத் தேடி வந்தான்.

"தங்கராஜு, டெஸ்ட் பண்ணாத கொக்கிக்குக் கீழ நிக்கிற மாதிரி இருக்கு."

"நில்லு" என்றேன். வேறென்ன சொல்வது?

அந்தோனி கையைத் தூக்கினார். பேண்டு தொடங்கியது. உர்சுலா மெழுகுவத்தியோடு என் பக்கத்தில் நடந்தாள்.

"அண்ணே, இதுல அவரோட சத்தம் எது?"

"சிலுவைராஜ் சத்தத்துக்கு அடியில போகுதே, அது."

கொஞ்ச தூரம் கேட்டுக்கொண்டே வந்தாள். பிறகு காற்றில் அணையாமல் மெழுகுவத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு, நடையை எட்டிப்போட்டு பேண்டுக்குப் பக்கத்தில் போய்விட்டாள்.