அணிலின் பச்சைக் கட்டம்

பெண்கள் ஹாக்கி அணியின் பிசியோ, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கணினித் திரையைப் பார்ப்பவள். ஒவ்வொரு பெண்ணின் பனியனிலும் முதுகுப் பக்கம் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. யார் எவ்வளவு ஓடினாள் என்று அது திரைக்குச் சொல்லும். ஓட்டம் அளவு மீறினால் பெயருக்கு நேரே கட்டம் சிவக்கும், அவளுக்கு ஓய்வு. பச்சை என்றால் ஆடலாம் என்று பிசியோ கையெழுத்துப் போடுவாள்.

அந்தக் கையெழுத்துக்கு மிக அதிகமாக ஏங்குபவள், எல்லோரும் அணில் என்று கூப்பிடும் பெண். பதினேழு வயது, சம்பளத்துக்கு ஆடும் முதல் வருடம், உட்காரச் சொன்னால் முள்மேல் உட்கார்ந்ததுபோல் நெளிவாள். போன வருடம் கீழ்க்கால் எலும்பில் மயிரிழை விரிசல். இன்னொரு தடவை விரிந்தால் மட்டையைப் பரண்மேல் போட்டுவிட வேண்டியதுதான் என்று எலும்பு டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் மூன்று வாரமாக அவள் கட்டம் பச்சை. பெண் ஒருவழியாகச் சொன்ன பேச்சு கேட்கிறாள் என்று பிசியோ பூரித்துப்போயிருந்தாள்.

இன்று முக்கால் ஆட்டம் முடியும்வரை ஒருத்தியின் கிழிந்த புருவத்தோடு மல்லுக்கட்டியதில் திரையைத் திறக்க நேரமில்லை. திறந்ததும் திகைத்தாள். அணிலின் பெயருக்கு நேரே சைபர். குச்சி என்று கூப்பிடும் இன்னொருத்தியின் பெயருக்கு நேரே ஏழு கிலோமீட்டர்.

மாற்று ஆட்டக்காரியான குச்சியோ இன்னும் களமிறங்கவே இல்லை. பக்கத்து நாற்காலியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?"

குச்சிக்குப் புரை ஏறியது. "பிராக்டிஸ்ல மட்டும்தான்க்கா பனியனை மாத்திப் போட்டுப்போம். இன்னைக்கு அவசரத்துல திரும்ப மாத்த மறந்துட்டோம்."

"எத்தனை நாளா?"

"மூணு வாரமா."

"அவளுக்குக் கால் வலிக்குதா?"

"கைப்பிடியைப் புடிச்சுக்கிட்டுத்தான்க்கா படி இறங்குறா. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

இரண்டு சிறுசுகள் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கின்றன. குச்சியின் கட்டத்தைப் பார்த்திருந்தாலே குட்டு வெளிப்பட்டிருக்கும். பெஞ்சு தேய்ப்பவளுக்கு என்ன காயம் வரப்போகிறது என்று பிசியோ அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. கையெழுத்து மட்டும் தினமும் போட்டிருக்கிறாள்.

கோச்சிடம் ஓடினாள். "அணிலை வெளியே எடுங்க சார்! உடனே!"

"என்னம்மா, நீங்கதானே காலையில அவ கல்லு மாதிரி இருக்கான்னீங்க?"

"நான் சொன்னது தப்பு சார். அந்தக் காலு உடையப்போகுது!"

அவள் முகத்தைப் பார்த்த கோச், களமிறங்கத் தயாராகும்படி குச்சிக்குக் கைகாட்டினார். அதே நொடியில் விசில் ஒலித்தது. எதிரணிக்குப் பெனால்டி கார்னர், கோலுக்கு நேரே பந்தடிக்கும் வாய்ப்பு. அது ஆடி முடிகிறவரை ஆளை மாற்றக் கூடாது என்பது விதி. பெனால்டி கார்னரில் கோல் கோட்டிலிருந்து முதலில் பாய்ந்து ஓடிப் பந்தை மறிப்பவள் எப்போதும் அணில்தான்.

"அணிலு, ஓடாதே!" என்று பிசியோ தொண்டை கிழியக் கத்தினாள். அணில் திரும்பிப் பார்த்தாள். உற்சாகப்படுத்துகிறார்கள் என்று நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தாள்.

பிசியோவால் மைதானத்தைப் பார்க்க முடியவில்லை. திரையைப் பார்த்தாள். குச்சியின் பெயருக்கு நேரே எண் விறுவிறுவென்று ஏறியது. கடவுளே, ஏறிக்கொண்டே இருக்கட்டும் என்று வேண்டினாள்.

எண் நின்றுவிட்டது.

"அக்கா," என்று பக்கத்தில் நின்ற குச்சி அழுதாள், "அவ எந்திரிக்க மாட்டேங்கிறாக்கா!"

பிசியோ பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். திரையில் அணிலின் கட்டம் பச்சையாகவே இருந்தது.