என் காலடியில் ஒரு பிரேக்

பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது என் தொழில். ஓட்டுபவருக்கு இருப்பதுபோல, பக்கத்தில் நான் உட்காரும் இடத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் பதறினால் நான் மிதித்து நிறுத்துவேன். கார் என் பெயரில் இருந்தது. வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தக் காரால்தான்.

ஒரு காலையில் எழுந்து பார்த்தால் வாசலில் கார் இல்லை. "கார் உன் பேர்ல இருக்கு, நீதான் புகார் குடுக்கணும்" என்றார் வீட்டுக்காரர். காவல் நிலையத்தில் அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டேன். பிறகு தெருத்தெருவாகத் தேடினோம். பழைய கார் விற்கும் கடைகளில் என் கையிலிருந்த போனை வாங்கி, காரின் படத்தைக் காட்டி, "இந்தக் காரப் பாத்தீங்களா?" என்று அவரே விசாரித்தார். ஒருநாள் கால் வீங்கி நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டேன். "விடு, போனா போகுது, இன்சூரன்ஸ் வரும்ல" என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பான் என்று பூரித்துப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அவர் கார் மெக்கானிக், வாடகை இடத்தில் சொந்தமாகப் பட்டறை நடத்தினார். இன்சூரன்ஸ் பணம் கைக்கு வந்த கொஞ்ச நாளில் ஒரு வெள்ளைக் காரோடு வந்து நின்றார். என்னுடையது நீலம்.

"செகண்ட் ஹேண்ட்தான், ஆனா இஞ்சின் தங்கம். வா, ஒரு ரவுண்டு போய்ட்டு வருவோம்."

ஏறி உட்கார்ந்ததும் கால் தானாக நீண்டது. அங்கே பிரேக் இருந்தது.

"உனக்குன்னே தேடிப் புடிச்சேன்" என்றார், வண்டியைக் கிளப்பியபடி.

மழையில் பாதம் வழுக்குகிறதென்று என் காரின் பிரேக்கில் நானே சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கட்டியிருந்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு விரலால் தடவிப் பார்த்தேன். அதே டியூப், அதே முடிச்சு. பெயிண்டை மாற்றியிருந்தார், நம்பரை மாற்றியிருந்தார். பிரேக்கைக் கழற்றினால் மறுபடி மாட்ட வேண்டுமே என்று அதை மட்டும் விட்டுவைத்திருந்தார். இன்சூரன்ஸ் பணமும் வேண்டும், காரும் வேண்டும், அதில் நான் சம்பாதித்துக் கொட்டவும் வேண்டும்!

"இது என் காருங்க."

அவர் வாயைத் திறப்பதற்குள், முன்னால் ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டினார். வழக்கமான சோதனைதான். இவர் நிறுத்தவில்லை. ஆக்சிலேட்டரை ஒரே மிதி மிதித்தார். பின்னால் சைரன் கேட்டது.

"ஐயோ, நிறுத்துங்க!"

"வாய மூடு! மாட்டினா ரெண்டு பேரும் உள்ளதான். புகார் குடுத்தது யாரு? நீதானே?"

என்னைக் கையெழுத்துப் போட வைத்தது எதற்கென்று அப்போதுதான் உறைத்தது. எதிரே ஒரு பெண், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துச் சாலையில் இறங்கியிருந்தாள். இவர் வேகத்தைக் குறைக்கவில்லை. இரண்டு காலாலும் மிதித்தேன். கார் கிறீச்சிட்டு அவளுக்கு முன்னால் நின்றது.

இன்சூரன்ஸ் மோசடி, பொய்ப் புகார், போலீசுக்கு நிற்காமல் ஓடியது என்று வழக்குப் போட்டார்கள். மோசடியில் என்னையும் சேர்த்துவிட்டார்கள். தண்டனை வந்தால் கற்றுக்கொடுக்கும் லைசென்ஸ் பறிபோகும். அப்புறம் என் பிழைப்பில் மண்தான்.

மாமியார் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். "எல்லாம் நான் சொல்லித்தான் செஞ்சாருன்னு சொல்லிடும்மா. பொம்பளைன்னா கோர்ட்டு இரக்கப்படும். அவன் உள்ள போனா பட்டறை என்ன ஆகும்?"

"என் தொழில் என்ன ஆகும் அத்தை?"

"அதெல்லாம் ஒரு தொழிலா? நாலு பொம்பளைங்களக் கூட்டிக்கிட்டு ஊர் சுத்துறது."

அந்த நாலு பொம்பளைகளின் காசில்தான் அவர் பிள்ளை பட்டறைக்கு வாடகை கட்டினார். கதவைத் திறந்து வாசலைக் காட்டினேன்.

கோர்ட்டில் அரசு வக்கீல் என்னைப் போட்டு வறுத்தெடுத்தார். "அழுததெல்லாம் நடிப்புதானே?"

"நடிப்பா? கால் வீங்குற வரைக்கும் தேடினேன் சார்!"

"யாரோட தேடினீங்க? ஒளிச்சு வச்சவரோட! ரெண்டு பேரும் சேர்ந்து நாடகம் ஆடியிருக்கீங்க."

யார் நம்புவார்கள்? நானே அந்த வக்கீல் இடத்தில் இருந்தால் நம்பமாட்டேன்.

நீதிபதி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "கார் எங்க இருக்குன்னு தெரிஞ்சும் ஏன் கூடப் போய்த் தேடினீங்க?"

அவருடைய வக்கீல், வாயைத் திறக்காதே என்று கண்ணால் கெஞ்சினார். இவர் கவனித்தால்தானே?

"அவ தனியா அழுதுக்கிட்டு அலையிறதப் பாக்க முடியலங்கய்யா. அதான் துணைக்குப் போனேன்."

முகத்தில் அப்படி ஒரு பெருமை. நல்ல புருஷனாம்! நான் அழுதது நிஜம்தான் என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டது அவருக்கு உறைக்கவே இல்லை. அரசு வக்கீல் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, மேலே எதுவும் கேட்காமல் உட்கார்ந்துகொண்டார்.

தீர்ப்பில் எனக்கு விடுதலை, அவருக்குச் சிறை. வராந்தாவில் மாமியார் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உம்மேல வச்ச பாசத்துல உளறித்தான் எம்புள்ள மாட்டிக்கிட்டான். அதாவது புரியுதா உனக்கு?"

"பாசமா? நான் அழுறதப் பாக்க முடியலைன்னா, கார் எங்க இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை" என்று கையை உருவிக்கொண்டேன்.