ஒன்பதாம் பாட்டுக்கு இரண்டு மதிப்பெண்

அஞ்சலாவுக்குத் தன் தீர்ப்பில் நம்பிக்கை கிடையாது. அதனால் எதையும் கட்டம் போட்டுத்தான் எழுதுவாள். ஜெர்மனியின் ஹனோவரில் பகலில் ஒரு பல்வைத்தியரிடம் உதவியாளர் வேலை, மாலையில் வகுப்பு. அந்த மாலை வகுப்பில் இசையைக் கேட்டு எழுதும் பாடம் ஒன்று இருந்தது. கேட்டதையெல்லாம் நாட்குறிப்பில் பதியச் சொன்னார் ஆசிரியை. மற்றவர்கள் இரண்டு வரி எழுதித் தப்பினார்கள். அஞ்சலா ஐந்து கட்டம் கீறினாள்: தேதி, எத்தனை தடவை கேட்டது, அபிப்பிராயம், மதிப்பெண், சந்தேகம். கடைசிக் கட்டத்துக்குத்தான் எப்போதும் இடம் போதாது.

இது அந்த ஊர்த் தமிழ்க் கத்தோலிக்கர்களின் விழாக்குழுத் தலைவர் ஸ்ரனிஸ்லாஸின் காதுக்குப் போனது. அவருக்கு அப்போது ஒரு தலையிடி இருந்தது.

1996இல் அவர்களுடைய பங்குக் கோயில் மண்டபத்தில் சர்வதேசத் தமிழ்ப் பாடல் போட்டி ஒன்று நடந்தது. பெண்களுக்கான போட்டி. சுவிஸ், பிரான்ஸ், டென்மார்க், நோர்வே, கனடா என்று பல நாட்டிலிருந்தும் பாடகிகள் வந்தார்கள். பரிசைச் சுவிஸ்காரி கொண்டுபோனாள். முப்பது வருடம் கழித்து அதைக் கொண்டாட விழா வைக்கிறார்கள். அன்று பாடிய ஒருத்தி, அதே பாட்டைப் பாடி விழாவைத் தொடங்க வேண்டும். ஹனோவரில் மிஞ்சியிருந்தது இரண்டு பேர்: அன்ரனிற்றா, கொறற்றி.

அன்ரனிற்றாவுக்குப் புடவைக்கடை இருந்தது. ஒலிவாங்கி இல்லாமலே மண்டபத்தின் கடைசி வரிசைக்குக் கேட்கும் தொண்டையும் இருந்தது. கொறற்றி ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்தாள். பாடகர் குழுவில் பின்வரிசை. தனியாகப் பாடியது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். அவள் யாரிடமும் எதையும் கேட்காதவள். இந்த முறை மட்டும் ஸ்ரனிஸ்லாஸிடம் போய், "அண்ணை, ஒருக்கா நான் பாடட்டோ?" என்று கேட்டிருந்தாள்.

"நான் யாரைச் சொன்னாலும் மற்ற ஆள் என்னோடை கதைக்க மாட்டா," என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "நீங்கள் அப்ப பிறக்கவும் இல்லை, பிள்ளை. ஆரின்ரை குரலெண்டும் தெரியாது. கேட்டு மார்க் போடுங்கோ. அதுதான் முடிவு."

பழைய கசெட்டை, விழாக்குழுவில் இருந்த நிலக்ஷன் என்ற இளம்பையன் கணினியில் ஏற்றிக் கொடுத்தான். "அறிவிப்பு, கைதட்டு, ஃபாதரின்ரை பேச்சு எல்லாம் வெட்டியாச்சு அக்கா. பாட்டு மட்டும்தான்," என்று பெருமையாகச் சொன்னான். ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை இலக்கமிட்ட கோப்புகள். கூடவே மஞ்சளடைந்த நிகழ்ச்சிநிரல். அதில் பதினான்கு பெயர்கள் இருந்தன.

அஞ்சலா ஒவ்வொரு பாட்டையும் ஐந்து தடவை கேட்டாள். பெயர்களைப் பார்த்தால் மனம் சாய்ந்துவிடும் என்று நிகழ்ச்சிநிரலை உறையில் போட்டு ஒட்டிவைத்தாள். எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் உறையைப் பிரித்து, கோப்பின் இலக்கத்துக்கு நேரே நிரலில் அதே இலக்கத்தில் இருந்த பெயரை எழுதினாள். சந்தேகக் கட்டத்தில் ஒரு வரி சேர்த்தாள்: "பதினான்காவது இல்லை. கசெட் முடிந்திருக்குமோ?" ஒருவரையும் கேட்கவில்லை. இதைக்கூடவா கேட்பது என்று நினைப்பார்களே என்று விட்டுவிட்டாள்.

கூட்டம் ஞாயிறு பூசைக்குப் பிறகு மண்டபத்தில் நடந்தது. கொறற்றி தட்டில் ரோல்ஸ் கொண்டுவந்து அஞ்சலாவின் முன்னால் வைத்தாள்.

"உண்மையாத்தானே பிள்ளை எழுதினீங்கள்? ஆருக்கும் பாவம் பாக்கேல்லையே?"

"இல்லை அக்கா. பேரே பாக்கேல்லை."

"அது போதும் எனக்கு."

மதிப்பெண்ணை மட்டும் சொல்லலாம் என்றுதான் அஞ்சலா வந்திருந்தாள். ஸ்ரனிஸ்லாஸ் நாட்குறிப்புக் கொப்பியை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சத்தமாக வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

"எங்கடை ஆக்கள் ரெண்டு பேரையும் பாப்பம். எட்டாம் பாட்டு, அன்ரனிற்றா. 'இந்தக் குரல் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. அதனால் எல்லாவற்றையும் கொடுக்கத் தோன்றுகிறது. மூன்றாம் தடவை, ஓடிக்கொண்டிருந்த துவைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டேன். ஒன்பதரை.'"

கைதட்டினார்கள். அன்ரனிற்றா சேலையைச் சரிசெய்தாள். "நான் அண்டைக்கு அப்பிடித்தான் பாடினனான். ஆருக்கு விளங்கினது?"

"அடுத்தது ஒன்பதாம் பாட்டு. கொறற்றி." அவர் கண்ணாடிக்கு மேலால் கொறற்றியை ஒரு தரம் பார்த்தார். பிறகு தொடர்ந்தார். "'இந்தக் குரல் மூக்குக்குள் குடியிருக்கிறது. வெளியே வர இன்னும் அனுமதிக் கடிதம் கிடைக்கவில்லை போல. சுரங்களுக்குப் பின்னால், பஸ்ஸைத் தவறவிட்டவள் மாதிரி ஓடுகிறது. பாட்டு முடிந்தது ஒன்றுதான் ஆறுதல். இரண்டு.'"

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. அனுமதிக் கடிதத்துக்காக வருடக்கணக்கில் வரிசையில் நின்ற மனிதர்கள்; அந்தப் பகிடி அவர்களுக்கு அடிவயிற்றில் போய்ப் பட்டது. அன்ரனிற்றா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ கொறற்றி, உன்ரை மூக்குக்கு ஆர் விசா குடுக்கிறது?" என்றாள்.

அஞ்சலா கொறற்றியைப் பார்த்தாள். கொறற்றியும் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்தபடியே மூக்கை ஒரு தரம் தொட்டுப் பார்த்தாள்.

"ஓம், அண்டைக்கு எனக்குத் தடிமன், மூக்கடைப்பு," என்றாள். பிறகு, அதுவும் பொய்யாகப் போய்விடக்கூடாது என்பதுபோல, "இல்லை, தடிமன் இல்லை. எனக்கும் என்ரை குரலிலை அப்பவே ஒரு ஐமிச்சம், ஒரு சந்தேகம் இருந்தது," என்று சொல்லிவிட்டு வெறும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிறு பாடகர் குழுவில் அவள் நிற்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. விசா மூக்கு என்ற பெயர் மட்டும் நின்றுவிட்டது.

ஒத்திகைக்கு அஞ்சலாவைக் கட்டாயம் வரச் சொன்னார்கள். அன்ரனிற்றா மேடையேறி, தொண்டையைச் செருமி, தன் பாட்டைத் தொடங்கினாள். முதல் வரியிலேயே அஞ்சலா நிமிர்ந்தாள். அது எட்டாம் கோப்பின் பாட்டு அல்ல. ஏழாம் கோப்பு. "கேட்டு முடித்ததும் மறந்துவிட்டேன். நான்கு," என்று அவள் எழுதிய பாட்டு. மறந்ததாக எழுதியது இப்போது சொல்லுக்குச் சொல் ஞாபகம் வந்தது.

"அண்ணை, ஏழாவதாப் பாடினது ஆர்? சுஜீவா எண்டு போட்டிருக்கு."

"சுஜீவாவோ? அவ வரவே இல்லையே!" என்றார் ஸ்ரனிஸ்லாஸ். "கிழக்கு ஜெர்மனியிலை அகதி முகாமிலை இருந்தவ. மாவட்டத்தை விட்டு வெளிக்கிட அவவுக்குக் கடிதம் குடுக்கேல்லை. அந்த நேரம் எங்கடை ஆக்களுக்கு அது வழமைதானே. நிரல் அதுக்கு முதலே அடிச்சாச்சு. ஏன், உங்களுக்குத் தெரியாதோ?"

மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவளுக்கும் நிலக்ஷனுக்கும் மட்டும்தான் தெரியாது.

அஞ்சலா கொப்பியை விரித்து விரலால் எண்ணினாள். பதின்மூன்று பேர்தான் பாடியிருக்கிறார்கள். ஏழாமவள் வராததால் அதற்குப் பிறகு எல்லோரும் ஒரு இடம் முன்னே வந்துவிட்டார்கள். ஏழாம் கோப்பு அன்ரனிற்றா. எட்டாம் கோப்பு, துவைக்கும் இயந்திரத்தை நிறுத்த வைத்த அந்தக் குரல், கொறற்றி. இரண்டு மதிப்பெண் வாங்கிய மூக்கு டென்மார்க்கிலிருந்து வந்த யாரோ ஒருத்தியுடையது.

அவள் ஸ்ரனிஸ்லாஸை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். மேடையைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒருத்தி ஏற்கெனவே அழுது முடிச்சிட்டா. இப்ப மற்றவளையும் அழ வைக்கோணுமோ?"

"அது பிழையெல்லோ அண்ணை. கொறற்றி அக்காதான் பாடவேணும்."

"பிழைதான். ஆனால் ஆரின்ரை பிழை?" என்று அன்பாகவே கேட்டார். "அந்த நாலு மார்க்கை இவவுக்கு வாசிக்கச் சொல்லுறீங்களோ? ஏலாது பிள்ளை. வேணுமெண்டால் கொறற்றியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவ வந்து கேட்டால் ரெண்டு பேரையும் பாடவிடுறன்."

அன்று மாலை வகுப்புக்குப் போகாமல் அஞ்சலா கொறற்றியின் வீட்டுக்குப் போனாள். கொறற்றி கதவைத் திறந்து, "வாங்கோ பிள்ளை," என்று சமையலறையில் இருத்தினாள். கோபமே இல்லை. அது அஞ்சலாவுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. கொப்பியைக் காட்டி, விரலால் எண்ணிக் காட்டி, சுஜீவாவின் கதையைச் சொல்லி, கடைசியில் அந்த ஒன்பதரையை வாசித்தாள்.

கொறற்றி தேத்தண்ணி ஊற்றினாள். "வடிவா எழுதுறீங்கள். ஆனால் அன்ரனிற்றாவுக்கு எழுதினதை ஏன் எனக்கு வாசிக்கிறீங்கள்?"

"அது உங்களுக்கு எழுதினது அக்கா!"

"அண்டைக்குப் பேர் பாக்காமல் எழுதினீங்கள். இண்டைக்கு என்ரை முகத்தைப் பாத்துச் சொல்லுறீங்கள். நான் எதை நம்புறது?"

அஞ்சலா கைபேசியை எடுத்து எட்டாம் கோப்பைப் போட்டாள். இரைச்சலுக்கு நடுவிலிருந்து, இருபது சொச்சம் வயதில் ஒரு குரல் எழுந்தது. கொறற்றி அசையாமல் நின்றாள். முப்பது வருடம் அவள் அதைக் கேட்டதில்லை. முகம் ஒரு கணம் மலர்ந்தது.

"நான்தான்," என்றாள் மெதுவாக.

"ஓம் அக்கா! நீங்கள்தான். வாங்கோ, ஸ்ரனிஸ்லாஸ் அண்ணையிட்டைப் போவம். நீங்கள் கேட்டால் பாட விடுவார்."

"பொறுங்கோ." கொறற்றி தலையைச் சரித்தாள். ஒரு விரலை உயர்த்தினாள். "இதிலை. கேட்டீங்களோ? மூக்கு."

"இல்லை அக்கா, அது கசெட்டின்ரை இரைச்சல்."

"இந்தா, இதிலையும்." இரண்டாவது விரல். "இதிலை பிந்திப்போட்டன். பஸ்ஸுக்கு ஓடுறன். நீங்கள் சரியாத்தான் எழுதினீங்கள், பிள்ளை."

மூன்றாவது விரல் உயர்ந்தது. அஞ்சலா தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தாள். நான்காவது விரல் உயர்ந்தபோது அவளுக்கும் அந்த மூக்கு கேட்டது.