நேயருக்கு அரை நிமிடம்

காலை எட்டே கால். வானொலி நிலையத்தின் தொலைபேசிகள் ஒன்றாக அலறின. முந்தின நாள் காட்டுப் பாதையில், காட்டுக்குள் இருக்கும் ஆயுதக் குழு வைத்த குண்டில் போலீஸ் வண்டி ஒன்று சிதறியிருந்தது. இன்றைய கேள்வி: பையன்கள் ஏன் துப்பாக்கி தூக்குகிறார்கள், என்ன செய்தால் நிற்கும்? ஆளுக்கு அரை நிமிடம்.

“வேலையில்லாத கொடுமைதான் சார். ஃபேக்டரி கட்டுங்க,” என்றார் ஒரு வாத்தியார்.

“ஃபேக்டரியா? நாலு பேரைச் சுட்டா நாப்பது பேர் அடங்குவான்!” என்றார் ஒரு லாரி டிரைவர்.

“பெத்தவ கண்டிச்சு வளர்க்கலைங்க. என் மருமகளும் அப்படித்தான், பாருங்க...”

அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டே அந்த அம்மாளைத் துண்டித்தார். உற்சாகம் தலைக்கேறியிருந்தது. இப்படி ஒரு காலை எப்போதாவதுதான் வாய்க்கும்.

“அடுத்த லைனைக் குடும்மா!”

அழைப்புகளை எடுக்கும் பெண் தயங்கினாள். “திக்கித் திக்கிப் பேசறவர் சார். தினம் கூப்பிடுவார். நான்தான் வெட்டி விட்டுடுவேன். இன்னிக்கு அழறார்.”

“என்னவாம்?”

“காட்டுக்குப் போறாராம். கூட்டிட்டுப் போக வண்டி வருதாம்.”

அறிவிப்பாளர் பாய்ந்து பொத்தானை அழுத்தினார். இதைவிடப் பரபரப்பு வேறென்ன வேண்டும்?

“செ... செக்போஸ்ட்ல பேர் கேட்டாங்க. சொல்ல லே... லேட்டாச்சு. அடிச்சாங்க. ஸ்டேஷன்ல புகார் சொல்லப் போனேன். சி... சிரிச்சாங்க.”

அரை நிமிடம் முடிந்தது. கண்ணாடிக்கு வெளியே மேனேஜர் கழுத்தை அறுப்பதுபோல் சைகை காட்டினார். விளம்பரம் போக வேண்டும். அறிவிப்பாளரின் விரல் அழைப்பைத் துண்டிக்கும் பொத்தானுக்குப் போனது.

“காட்டுலேருந்து ஒருத்தர் வந்தாரு. நான் சொல்லி மு... முடிக்கிற வரைக்கும் உக்காந்திருந்தாரு.”

அறிவிப்பாளர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். மேனேஜர் கதவைத் தட்டினார். அறிவிப்பாளர் எழுந்து தாழ்ப்பாளைப் போட்டார்.

“கேட்டுக்கிட்டிருக்கவங்களே,” என்றார். “வேலை, தண்டனை, வளர்ப்புன்னு ஆளுக்கொரு மருந்து சொன்னோம். எங்கே வலிக்குதுன்னு ஒருத்தரும் கேக்கலை. நானும்தான். ஒருத்தன் சொல்றதை நாம காது குடுத்துக் கேக்கலைன்னா, துப்பாக்கி வச்சிருக்கவன் கேப்பான். கேட்டுட்டு இவன் கையிலயும் ஒண்ணைக் குடுப்பான்.”

மறுமுனையில் ஹாரன் ஒலித்தது. ஒரு முறை. மறுபடியும், நீளமாக.

“போயிடாதீங்க தம்பி! விளம்பரம் இல்லை, நேரக் கணக்கு இல்லை. எவ்வளவு மெதுவா வேணும்னாலும் சொல்லுங்க, நாங்க கேக்கறோம். தம்பி... லைன்ல இருக்கீங்களா?”